ஐ.பி. (திவால் மனு) கொடுக்கும் முன் வங்கிப் பணத்தையும் வீட்டுப் பங்கையும் என்ன செய்வது?

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 44. பத்து தையல் மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட் நடத்தியவர். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் வங்கிக் கடனில் வாங்கியவை. ஜாப் ஒர்க் கொடுத்த கம்பெனி பில் பணத்தை நிறுத்திவிட, ஏழு மாதமாக யூனிட் பூட்டிக் கிடக்கிறது. இப்போது வேறொருவரிடம் கட்டிங் மாஸ்டராக மாதம் 22,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 14,000. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு.

கடன் விவரத்தை ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருக்கிறார். மிஷின் கடனில் பாக்கி 8 லட்சம். அதே வங்கியில் பர்சனல் லோன் 4 லட்சம். இரண்டு கிரெடிட் கார்டில் 3 லட்சம். நகைக்கடன் இரண்டரை லட்சம். எடுத்துவிட்ட சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டியது 3 லட்சம், அதற்கு மனைவியின் அண்ணன் ஜாமீன். சொந்தபந்தத்திடமும் நண்பர்களிடமும் கைமாற்று 6 லட்சம், அதில் தாய்மாமா கொடுத்தது 2 லட்சம். கடைசியாக, தேதியும் தொகையும் எழுதாத மூன்று காசோலைகளைக் கொடுத்துவிட்டு ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கிய 3 லட்சம். மொத்தம் 29.5 லட்சம்.

கையில் இருப்பதையும் எழுதியிருக்கிறார். 2019-ல் உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் பெயரில் உள்ள வீடு, இன்றைய மதிப்பு சுமார் 36 லட்சம். அதில் அம்மா, தங்கை, இவர் என்று மூன்று பேருக்குப் பங்கு. மிஷின்களை விற்றால் 4 லட்சம் தேறும். கம்பெனி தர வேண்டிய பில் 2.2 லட்சம். கடன் கொடுத்த வங்கியிலேயே உள்ள சேமிப்புக் கணக்கில் 1.6 லட்சம். பழைய வேலையின் பி.எஃப். 1.4 லட்சம். ஒரு எல்.ஐ.சி. பாலிசி. மனைவியின் சம்பளம் வேறொரு வங்கியில் இருவர் பெயரிலும் உள்ள கூட்டுக் கணக்கில் விழுகிறது.

நண்பர் ஒருவர் வழி சொல்லியிருக்கிறாராம். வீட்டுப் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடு. வங்கிப் பணத்தை ஏ.டி.எம்.மில் எடுத்து வீட்டில் வை. கார்டில் மீதமுள்ள 90,000 லிமிட்டையும் தேய்த்துவிடு. மாமா பணத்தை மட்டும் கொடுத்துவிடு. பிறகு ஐ.பி. போட்டால் ஆறு மாதத்தில் எல்லாக் கடனும் போய்விடும். "இப்படிச் செய்யலாமா? குடியிருக்கும் ஒரே வீட்டை ஜப்தி செய்ய மாட்டார்கள்தானே, வீடு போய்விடுமா? ஜெயிலுக்குப் போக வேண்டி வருமா? மகளின் செமஸ்டர் ஃபீஸை இந்தப் பணத்தில் கட்டலாமா?" என்பவை அவர் கேள்விகள். கடிதம் இப்படி முடிகிறது: "மனைவிக்குப் பாதிக் கடன்தான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். நான் இல்லாமல் போனால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்களோ என்று தோன்றுகிறது."

அன்புள்ள தம்பிக்கு,

வயதில் மூத்தவள் என்ற உரிமையில் தம்பி என்கிறேன். கடைசி வரிக்குத்தான் முதல் பதில். நீங்கள் இல்லாமல் போனால் அவர்களுக்கு நிம்மதி வராது. கடன் இருந்த இடத்திலேயே இருக்கும், அதைத் தாங்கிப் பேச ஆள் இருக்காது. அந்த எண்ணம் மறுபடி வந்தால், எந்த நேரமானாலும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ 104 எண்ணையோ கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்களைவிடப் பெரிய தொகையோடு என் அறைக்குள் நுழைந்தவர்கள் இன்று பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு நடமாடுகிறார்கள். 29.5 லட்சம் பெரிய தொகைதான். ஆனால் அது ஒரு கணக்கு. உட்கார்ந்து பிரித்துப் பார்க்க முடிகிற கணக்கு.

நண்பர் சொன்ன ஐந்தில் நான்கு உங்களைக் காப்பாற்றாது, சிக்க வைக்கும். ஐந்தாவதான ஐ.பி. உங்களுக்குத் தேவைதானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

மஞ்சள் நோட்டீஸ் என்றால் என்ன

நம் பக்கத்தில் ஐ.பி. போட்டவரை 'மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டார்' என்று சொன்னாலே கடனெல்லாம் ஒழிந்தது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சென்னைக்கு வெளியே உள்ள நமக்கு இன்றும் பொருந்துவது 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டம். சென்னை நகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், அது உயர் நீதிமன்றத்தில் நடக்கும். 2016-ல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஆனால் கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது 2019 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. யூடியூபில் 'புதிய தொடக்கம்' என்று சொல்லி 35,000 ரூபாய் வரையிலான சிறு கடன்களைத் தள்ளுபடி செய்வதாக வருகிறதே, அந்தப் பிரிவு இன்னும் அமலுக்கு வரவில்லை. அதை நம்பி யாருக்கும் ஃபீஸ் கட்டிவிடாதீர்கள்.

1920 சட்டத்தில் நீங்கள் மனுப் போட்டால் என்ன நடக்கும்? உங்கள் கடன்கள் அனைத்தையும், கொடுத்தவர்களின் பெயர், விலாசத்தோடு ஓர் அட்டவணையில் எழுத வேண்டும். சொத்து முழுவதையும் இன்னோர் அட்டவணையில் எழுதி, அவற்றை நீதிமன்றத்தின் பொறுப்பில் விடத் தயார் என்று கையெழுத்துப் போட வேண்டும். உங்களைத் திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் அந்தச் சொத்து ரிசீவர் கைக்கு, அதாவது அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நீதிமன்றம் நியமிப்பவர் கைக்குப் போகும். மனுப் போட்ட நாளிலிருந்தே அது போனதாகக் கணக்கு. அதன்பின் கடன் கொடுத்தவர்கள் நீதிமன்ற அனுமதி இல்லாமல் உங்கள் மேல் பண வழக்குப் போட முடியாது. சிவில் கைதிலிருந்தும் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். இவ்வளவுதான் அறிவிப்பு தரும் நிழல்.

கடன் தீர்வது அறிவிப்பில் அல்ல, விடுவிப்பு உத்தரவில். நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும். போடாமல் விட்டால் அறிவிப்பே ரத்தாகிவிடும். ஆறு மாதத்தில் முடிந்ததாக நான் எந்த வழக்கையும் பார்த்ததில்லை. ரூபாய்க்கு எட்டணா, அதாவது கடனில் பாதிக்காவது சொத்து தேறவில்லை என்றால், அது உங்கள் தவறால் நேர்ந்ததல்ல என்று நீங்கள் காட்டியாக வேண்டும். மூன்று வருடக் கணக்குப் புத்தகம் ஒழுங்காக இல்லை, ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டினீர்கள், சொத்தை மறைத்தீர்கள் என்று வந்தால் முழு விடுவிப்பு கிடைக்காது. விடுவிப்பு வாங்கும்வரை, நான் திவாலானவன் என்று சொல்லாமல் ஐம்பது ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம். 1920-ல் எழுதிய ஐம்பது ரூபாய் இன்றும் அப்படியே இருக்கிறது.

விடுவிப்பு வந்தாலும் அரசுக்குச் சேர வேண்டியவை, ஏமாற்றி வாங்கிய கடன்கள், ஜீவனாம்சம் ஆகியவை தீராது. ஜி.எஸ்.டி. பாக்கி ஏதும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

வீட்டுப் பங்கை எழுதிக் கொடுப்பது

அப்பா உயில் எழுதாததால் அம்மாவுக்கும் தங்கைக்கும் உங்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் திவாலானால் ரிசீவரிடம் போகக் கூடியது உங்கள் பங்கு மட்டும்தான், சுமார் 12 லட்சம். அம்மா பங்கையும் தங்கை பங்கையும் உங்கள் கடனுக்காக யாரும் தொட முடியாது. இதை அவர்கள் இருவரிடமும் இன்றே சொல்லுங்கள். 'வீடே போகப் போகிறது' என்ற பயத்தில்தான் பல குடும்பங்கள் தப்பான பத்திரங்களில் கையெழுத்துப் போடுகின்றன.

குடியிருக்கும் ஒரே வீட்டை ஜப்தி செய்ய முடியாது என்று நீங்கள் நம்புவது தெரிகிறது. விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. இப்போது சம்பளத்துக்கு வேலை பார்ப்பதால் அந்த வாதத்தை உங்கள் வக்கீல் வைத்துப் பார்க்கலாம். ஆனால் யூனிட் முதலாளியாக நின்று வாங்கிய கடன் என்று எதிர்த் தரப்பு சொல்லும். அதை நம்பி இறங்காதீர்கள்.

பணம் வாங்காமல் அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதினால் என்ன ஆகும்? பத்திரம் பதிந்த இரண்டு வருடத்துக்குள் திவால் மனு வந்தால் ரிசீவர் அதை ரத்து செய்யக் கேட்கலாம். சரி, இரண்டு வருடம் பொறுத்துப் போடலாமே என்றால், கடன் கொடுத்தவர்களை ஏய்க்கச் செய்த மாற்றத்தை எதிர்க்கச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-வது பிரிவு தனியாக இருக்கிறது. அதோடு, கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைக்காமல் சொத்தை மறைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 320-வது பிரிவில் குற்றம். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு வருடம் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 70 வயதுக்கு மேல் அம்மாவை நீதிமன்றக் கூண்டில் ஏற்றி, "பையன் ஏன் எழுதிக் கொடுத்தான்?" என்று கேட்க வைக்காதீர்கள். அப்படி ஒரு தாய் சாட்சி சொன்னதை நான் நின்று பார்த்திருக்கிறேன். எந்த வருடம் எழுதியது என்று கேட்டபோது அவர் மகன் முகத்தைத்தான் பார்த்தார்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் பங்கைத் தங்கையோ அவர் கணவரோ நியாயமான விலைக்கு வாங்கட்டும். மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் மதிப்பு வாங்கி, பணம் வங்கி வழியாக உங்கள் கணக்குக்கு வந்து, அங்கிருந்து கடன்களுக்குப் பிரிந்து போக வேண்டும். நல்லெண்ணத்தில் உரிய விலை கொடுத்து வாங்கியவரின் பத்திரத்தைச் சட்டம் கலைக்காது. வீடு குடும்பத்துக்குள்ளேயே இருக்கும். தங்கையால் முடியாமல் வெளியாள் வாங்கிப் பாகப்பிரிவினை கேட்டு வந்தாலும், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கை எடுத்துக்கொள்ள அம்மாவுக்கும் தங்கைக்கும் உரிமை உண்டு.

பலரும் யோசிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திவால் அறிவிப்புக்குப் பின், விடுவிப்புக்கு முன், உங்களுக்கு வாரிசாக வந்து சேரும் சொத்தும் ரிசீவருக்குத்தான் போகும். அம்மாவின் பங்கு அவருடைய சொந்தச் சொத்து. அதைப் பேத்திக்கோ மகளுக்கோ உயில் எழுத அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அது அவர் விருப்பம். நீங்கள் வற்புறுத்தாமல், அவரே ஒரு வக்கீலைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

வங்கிக் கணக்குகள்

ரிசீவர் அலுவலகத்தில் ஒரு காட்சி எனக்கு மறக்காது. மர மேஜை மேல் என் கட்சிக்காரரின் பாஸ்புக். நாலு வரிகளுக்குக் கீழே சிவப்புப் பென்சில் கோடு. ஒரே ஏ.டி.எம்.மில் தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 40,000. "வீட்டுச் செலவுக்குங்க" என்றார் கட்சிக்காரர். "நாலு நாளில் 1,60,000-க்கு எந்தக் கடையில் மளிகை வாங்கினீங்க?" என்று கேட்டார் ரிசீவர். பதில் இல்லை. அந்தப் பணம் பீரோவில்தான் இருந்தது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், வங்கிக் கணக்கில் எடுத்த பணத்தை மறைக்க முடியாது.

ஆகவே 1.6 லட்சத்தை ரொக்கமாக எடுத்து வைக்காதீர்கள். அதே நேரம் அதைக் கடன் கொடுத்த வங்கியிலேயே விட்டு வைப்பதிலும் ஆபத்து உண்டு. தவணை தவறிய கடனுக்கு உங்கள் சேமிப்புக் கணக்குப் பணத்தை ஈடு செய்துகொள்ள வங்கிக்கு உரிமை இருக்கிறது. ஒரு காலையில் மெசேஜ் வரும், மீதம் சைபர் என்று இருக்கும். உங்கள் பெயரிலேயே, கடன் எதுவும் இல்லாத வேறு வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கி, சம்பளத்தை அங்கே போடச் சொல்லுங்கள். இந்தப் பணத்தையும் அங்கே மாற்றலாம். அது ஒளிப்பது ஆகாது. ஒரே நிபந்தனை: ஐ.பி. கொடுக்கும் நிலை வந்தால் அந்தக் கணக்கு எண் மனுவில் இருக்க வேண்டும், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது இருக்க வேண்டும். குடும்பச் செலவு, வக்கீல் கட்டணம், தையல்காரர்களுக்குப் பாக்கிக் கூலி இருந்தால் அது, இவற்றுக்குச் செலவழிப்பதில் தயக்கம் வேண்டாம். கூலி கொடுத்தால் நோட்டில் கையெழுத்து வாங்குங்கள்.

கூட்டுக் கணக்கைத்தான் உடனே சரி செய்ய வேண்டும். உங்கள் மனைவி எந்தக் கடனிலும் இணைக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாதவரை, அவருடைய சம்பளத்துக்கும் உங்கள் கடனுக்கும் தொடர்பில்லை. ஆனால் கூட்டுக் கணக்கில் உங்கள் பணமும் அவர் பணமும் கலந்து கிடந்தால், எது யாருடையது என்று காட்டுகிற சுமை அவர் தலையில் விழும். அவர் பெயரில் மட்டும் ஒரு கணக்குத் தொடங்கி, பள்ளியிலிருந்து சம்பளம் அங்கே போகட்டும். பழைய கணக்கின் மூன்று வருட ஸ்டேட்மெண்டை எடுத்து, அவர் சம்பள வரவுகளை மட்டும் குறித்து வையுங்கள். உங்கள் பணத்தை அவர் கணக்குக்குத் தள்ளாதீர்கள். அது அவரை உங்கள் வழக்குக்குள் இழுக்கும். மிஷின் கடன் ஒப்பந்தத்தை எடுத்து அவர் கையெழுத்து இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். 'வங்கியில் சொன்னாங்க, போட்டேன்' என்று பல மனைவிமார்கள் போட்டிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது.

தானாகப் பிடித்துக்கொள்ளும் தவணைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பணமில்லாமல் அது திரும்பினால், காசோலை திரும்பியதைப் போலவே, பணம் செலுத்தும் முறைகள் பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-வது பிரிவில் வழக்கு வரலாம். சும்மா கணக்கைக் காலி செய்துவிட்டு ஒதுங்கிவிடாமல், யூனிட் மூடிய விவரத்தை எழுதி, கடனை மறுசீரமைக்கக் கேட்டு, கிளையில் முத்திரையோடு நகல் வாங்குங்கள்.

கார்டில் மீதமுள்ள 90,000-ஐத் தொடவே கூடாது. திருப்பிக் கட்ட முடியாது என்று தெரிந்துகொண்டே வாங்கும் கடனை 'வியாபாரத்தில் நொடிந்தேன்' என்று சொல்ல முடியாது. அது ஏமாற்றி வாங்கியது என்று ஆகும், விடுவிப்பிலும் தீராது, உங்கள் மற்றக் கடன்களின் நேர்மையையும் கெடுக்கும்.

மாமாவுக்குக் கொடுக்கும் 2 லட்சமும் இப்படித்தான். மற்றவர்களை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் திவால் மனுப் போட்டால், அந்தப் பணத்தை மாமாவிடமிருந்து ரிசீவர் திரும்ப வாங்கலாம். நல்லது செய்வதாக நினைத்து அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வைப்பீர்கள்.

தொடக் கூடாத பணம்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடன் நெருக்கும்போது நம் ஆட்கள் முதலில் உடைப்பது எதை? பி.எஃப். எடுப்பார்கள், எல்.ஐ.சி.யை சரண்டர் செய்வார்கள். கிரெடிட் கார்டு வட்டிக்கு அதைக் கொட்டுவார்கள். சட்டம் எந்தப் பணத்துக்கு வேலி போட்டுக் காத்து வைத்திருக்கிறதோ அதை எடுத்து, வேலியே இல்லாத கடனுக்குக் கொடுப்பது இது. உங்கள் பி.எஃப்.பைக் கடன் கொடுத்தவர்கள் ஜப்தி செய்ய முடியாது, பாலிசிப் பணத்துக்கும் 60-வது பிரிவில் விலக்கு உண்டு. விலக்குப் பெற்றவை ரிசீவரிடமும் போகாது. 1.4 லட்சம் பி.எஃப். அங்கேயே இருக்கட்டும். கணக்கில் விழுந்து மற்றப் பணத்தோடு கலந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பைப் பற்றியே தகராறு வரும். அட்டவணையில் அவற்றையும் எழுதி, விலக்கு உண்டு என்று குறிப்பிட வேண்டும். எழுதினால்தான் விலக்கு, மறைத்தால் அதுவும் மறைத்த சொத்து.

சம்பளத்துக்கும் இதே பிரிவில் கணக்கு இருக்கிறது. முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. உங்கள் 22,000-இல் 15,000 பாதுகாப்பானது. 7,000-ஐத்தான் தொட முடியும். உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, மனைவியின் தாலி, கைவினைஞரின் தொழில் கருவி ஆகியவற்றுக்கும் விலக்கு. யாராவது வீட்டுக்கு வந்து சாமானைத் தூக்குவேன் என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். நீதிமன்ற அமீனா தவிர வேறு யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை. வங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன்கூடச் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

நகைக்கடனில் இருப்பது மனைவியின் சீர் நகை என்றால், அது அவருடைய சீதனம், உங்கள் சொத்தே அல்ல. ஆனால் ரசீது உங்கள் பெயரில் இருக்கிறது. ஏலத்துக்குப் போனால் மிச்சப் பணம் உங்கள் சொத்தாகவே பார்க்கப்படும். கல்யாண ஆல்பத்தில் அந்த நகைகள் தெரியும் படங்கள், அவர் அப்பா வாங்கிய பில், சீர்ப் பட்டியல் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

காசோலையும் சிறையும்

கடனைக் கட்ட முடியாமல் போனது குற்றம் அல்ல. வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் சிவில் சிறையில் வைக்கலாம், வெறும் ஏழ்மைக்காக ஒருவரை அடைக்கக் கூடாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-லேயே தீர்ப்பு எழுதிவிட்டார். பண வழக்கில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. ஆகவே உங்கள் மனைவியைப் பிடித்துப் போவார்கள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சிறைக்கு வழி இருப்பது அந்த மூன்று காசோலைகளில். காசோலை வழக்கு கிரிமினல் வழக்கு. ஐ.பி. அதை நிறுத்தாது. வங்கியில் ஸ்டாப் பேமெண்ட் கொடுத்தாலும் வழக்கு வரும். காசோலை திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் ஃபைனான்ஸ்காரர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதன்பின் பணம் கொடுக்க உங்களுக்கு 15 நாள். அந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் பயனில்லை. வாங்கி, பதில் கொடுங்கள். அதற்கு முன்பே, இந்தத் தேதியில் இந்தக் கடனுக்கு ஈடாக வெற்றுக் காசோலைகள் கொடுத்தேன், இதுவரை இவ்வளவு கட்டியிருக்கிறேன் என்று வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போய்விடட்டும். கூகுள் பேயில் மாதாமாதம் 15,000 வட்டி அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஸ்டேட்மெண்ட் தங்கம் மாதிரி. நூற்றுக்கு ஐந்து என்பது வருடத்துக்கு 60 சதவீதம். 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் இது குற்றம், மூன்று வருடம் வரை சிறை. அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு மனுப் போடவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது.

உங்களுக்கு ஐ.பி. தேவைதானா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிஷின் கடனில் மிஷின் விற்ற 4 லட்சம் கழியும். நகைக்கடன் நகையில் அடையும். ஈடில்லாமல் மீதி நிற்பது 23 லட்சம். அதற்கு எதிராக உங்கள் வீட்டுப் பங்கு 12, வர வேண்டிய பில் 2.2, வங்கியில் 1.6, ஆக 15.8 லட்சம். ரூபாய்க்குச் சுமார் 69 காசு உங்களால் கொடுக்க முடியும். இந்த நிலையில் உள்ளவர் பங்கை ரிசீவரின் ஏலத்தில் விடுவதைவிட, தானே நல்ல விலைக்கு விற்று, கடன் கொடுத்தவர்களைக் கூட்டி உட்கார வைப்பதுதான் நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. ஏலத்தில் பாகம் பிரிக்காத பங்குக்கு யாரும் நல்ல விலை கேட்பதில்லை. மேலும், ஐ.பி. உங்களை விடுவித்தாலும் ஜாமீன்தாரரை விடுவிக்காது. சீட்டுக் கம்பெனி நேரே உங்கள் மச்சான் சம்பளத்தில் கை வைக்கும். ஆகவே சமரசத்தில் சீட்டுப் பாக்கியை மறக்காதீர்கள்.

பில் பாக்கி 2.2 லட்சத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் யூனிட்டுக்கு உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால், 45 நாளுக்கு மேல் பணம் தராத கம்பெனி மேல் சிறு, குறு தொழில் வசதிக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டியோடு கேட்க உரிமை இருக்கிறது. கடன் கொடுத்தவர்களைப் பார்க்கப் போகும்போது இந்தப் புகாரின் நகல் உங்கள் கையில் இருந்தால் பேச்சே வேறாக இருக்கும்.

வங்கியோடு ஒரே தவணைத் தீர்வுக்கு எழுதுங்கள். தள்ளுபடியில் முடித்தால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று இருக்கும், சில வருடங்களுக்குப் புதுக் கடன் கிடைப்பது கஷ்டம். உங்களுக்கு இப்போது புதுக் கடன் கிடைக்காமல் இருப்பதே நல்லது. வழக்கு வந்துவிட்டால் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கலாம், அங்கே வரும் முடிவுக்கு அப்பீல் கிடையாது. இவ்வளவு முயன்றும் இரண்டு மூன்று பேர் ஒத்துக்கொள்ளாமல் கழுத்தைப் பிடித்தால், அப்போது ஐ.பி. போடுங்கள். சுத்தமான கணக்கோடு போகிறவருக்கு அந்தச் சட்டம் உண்மையிலேயே உதவும்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு. அம்மாவுக்கும் மனைவிக்கும் தனியாக ஆலோசனை வேண்டுமானால் அவர்களே போகலாம்.

மனைவியிடம் சொல்லுங்கள் என்று சொல்வது எளிது, எனக்குத் தெரியும். ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி, எனக்கு எழுதிய அதே பட்டியலை, யாருக்கு எவ்வளவு, எப்போது வாங்கியது, எதற்குச் செலவானது என்று எழுதி, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். எந்த வக்கீலிடம் போனாலும் கேட்கும் முதல் காகிதம் அதுதான். அவர் அண்ணனின் ஜாமீன் விஷயம் அந்த நோட்டில் இருக்கட்டும். நோட்டீஸ் வந்து மச்சானுக்குத் தெரிவதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

மகளின் செமஸ்டர் ஃபீஸைத் தாராளமாகக் கட்டலாம். பிள்ளையின் படிப்புச் செலவை மறைப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரொக்கமாக வேண்டாம், உங்கள் கணக்கிலிருந்து கல்லூரிக் கணக்குக்கு நேராக அனுப்பி, ரசீதை அந்த நோட்டில் ஒட்டி வையுங்கள்.